'நானே' என்கிற வயதில் நாம் சறுக்கும் இடங்கள்

போன மாதம் தேவகோட்டையில் சித்தப்பாவுக்குச் சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். வளவில், வீட்டு நடுமுற்றத்தில், ஒரு தூணுக்குப் பின்னால் என் தம்பி மகன், மூன்றரை வயது, நாக்கைத் துருத்திக்கொண்டு தன் சட்டைக்குத் தானே பட்டன் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு துளை தள்ளிப் போட்டுவிட்டதால் காலர் ஒரு பக்கம் ஏறி நின்றது. அதோடு அம்மாவிடம் ஓடினான். அவள், "என் ராசா, நீயே போட்டியா!" என்று கொஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள். அவன் முகம் போன போக்கில் எனக்கு என் மகள் ஞாபகம் வந்துவிட்டது.

பதினோரு வருஷமாக மழலையர் வகுப்பு எடுக்கிறேன். அடிக்காதீர்கள், போனைக் கொடுத்து உட்காரவைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். 'நானே செய்வேன்' என்று பிள்ளை கிளம்பும் வயதில் நாம் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளை செய்ததைத் திருப்பிச் செய்வது

எனக்கு இன்னும் ஆறாத தவறு இது.

முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஐயாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, சாயங்காலம் தண்ணீர் கொண்டுபோவது தன் வேலை என்று நாலு வயதில் என் மகள் தானாகவே எடுத்துக்கொண்டாள். சின்னச் செம்புதான். ஆனால் வீட்டின் பின்பக்கத்து இரண்டாம் கட்டிலிருந்து வளவைத் தாண்டி முகப்புக்குப் போவதற்குள் பாதி தரையில் இருக்கும். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வார்த்து எடுப்பார்கள். முகம் வழவழவென்று இருக்கும், ஈரம் பட்டால் வழுக்கும். மாமனாருக்கு எழுபது தாண்டியிருந்தது. ஆக, என் பயம் நியாயமானதுதான். செய்ததுதான் நியாயமில்லை. அவள் கொண்டுபோய் வைத்த செம்பை அவள் எதிரிலேயே எடுத்து, "பாதிதானே இருக்கு" என்று நிரப்பி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருநாள் அல்ல, ஒரு வாரம்.

எட்டாவது நாள் அவள் செம்பைத் தொடவில்லை. "என்னத்தா, இன்னைக்குத் தண்ணி இல்லையா?" என்று ஐயா கேட்டதற்கு, "அம்மா கொடுப்பாக" என்றாள்.

அத்தோடு நிற்கவில்லை. செருப்பு, சீப்பு, சோறு பிசைவது என்று ஒவ்வொன்றாக என் கைக்கு வந்து சேர்ந்தது. ஒன்றாம் வகுப்பில் டிபன் டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தாள். மூடி இறுக்கமும் இல்லை, கையில் வலு இல்லாமலும் இல்லை. திறந்து பார்க்கவே தோன்றவில்லை அவளுக்கு. இதை மாற்ற எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

கொடுமை என்னவென்றால், இதற்கு வழி எனக்குத் தெரிந்தே இருந்தது. 1939-இல் இந்தியா வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாரே மரியா மாண்டிசோரி, அவர் முறையில் தண்ணீர் ஊற்றிப் பழகும் தட்டில் இரண்டு சின்னக் குடுவைகளோடு ஒரு பஞ்சும் இருக்கும். சிந்தும் என்பது முதலிலேயே கணக்கில் வந்துவிட்டது. துடைப்பதும் பிள்ளையின் வேலைதான். வகுப்பில் தினமும் அந்தத் தட்டை எடுத்துவைத்த எனக்கு, வீட்டில் ஒரு துணியை அவள் கையில் கொடுக்கத் தோன்றவில்லை.

சரி, பட்டனுக்கு வருவோம். மேலிருந்து நீங்கள் போட்டுக்கொண்டே வந்து, கீழே கடைசி ஒன்றை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். கீழே இருப்பதுதான் அதன் கண்ணுக்குத் தெரியும். அது பழகிய பிறகு இரண்டு, அப்புறம் மூன்று. கோணலாகப் போட்டால் அப்படியே கிளம்புங்கள். அன்றைக்குச் சட்டையைப் பார்க்க யாரும் வரவில்லை.

முடிவான விஷயத்தைக் கேள்வியாகக் கேட்பது

"குளிக்கலாமா?" என்றால் "வேண்டாம்" என்றுதான் வரும். கேட்டுவிட்டு, பதில் பிடிக்காமல் தூக்கிக்கொண்டு போனால், கேட்டதற்கு என்ன மரியாதை? "சட்டையை இங்கே கழட்டுறியா, கிணத்தடியிலயா?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் குளியல் நடக்கும்.

காலை அவசரம்

பத்து நிமிஷம் முன்னால் எழுப்புங்கள். வேறு வைத்தியம் இல்லை.

அப்பத்தா மேல் பழி போடுவது

"ஊட்டி ஊட்டியே கெடுத்துட்டாக." நானும் சொன்னவள்தான், அதனால் சத்தமாகத் திட்ட முடியவில்லை. கல்யாணமான மகனை ஒரே கூரைக்குக் கீழேயே வேறு வைத்து, தனி அடுப்பு, தனிக் கணக்கு என்று விட்ட வீடுகள் நம் பக்கத்து நாட்டுக்கோட்டை நகரத்தார் வீடுகள். பிள்ளையைத் தனியே விடுவது அந்தப் பெரியவர்களுக்குத் தெரியாததா? பேரப்பிள்ளை என்றால் மட்டும் கை தானாக நீண்டுவிடுகிறது. ராத்திரி ஒரு வேளை ஊட்டிவிட்டுப் போகட்டும். மற்ற இரண்டு வேளை நம் கையில்தானே இருக்கிறது.

பிள்ளை தடுமாறியதைச் சபையில் சொல்லிச் சிரிப்பது

வேண்டாம்.

கிணறு, ஊருணி

இங்கே 'நானே' கிடையாது. அழுதாலும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.