குடும்ப எஸ்யூவிக்குப் பெரிய ஆல் டெரெய்ன் டயர்: வாங்கும் முன் அளக்க வேண்டிய இடம்

திருகோணமலையில் ஓடும் எஸ்யூவிகள் பெரும்பாலும் காபட் வீதியில்தான் ஓடுகின்றன. ஏ6 வழியாகக் கந்தளாய், ஏ15 வழியாகக் கிண்ணியா, மூதூர். மாரியில் வயல் வீதிச் சேறும், குச்சவெளிப் பக்கத்து மணலும், உள்ளூர்க் கிரவலும் இடையிடையே வருபவை. ஆகவே முரட்டுக் கட்டைகள் துருத்தி நிற்கும் மட் டெரெய்ன் டயர் வேண்டாம். படத்துக்கு அழகு, ஈரமான காபட்டில் பிரேக் பிடித்தால் தெரியும் சங்கதி. தார் வீதிக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் போதும்.

1. அளவைக் கணக்கிடுங்கள்

சாரதிக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் டயர் அளவு இருக்கும். 225/65R17 என்றால் அகலம் 225 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம். முழு விட்டம் 724 மி.மீ. வருகிறது. அதே ரிம்மில் 225/70R17 போட்டால் 747. கூடுதல் 3.1 சதவீதம். 245/65R17 என்றால் 750, அதாவது 3.6.

மூன்று சதவீதத்தை ஒட்டி நிறுத்திக்கொள்வது என் கொள்கை. மீட்டர் 70 காட்டும்போது உண்மை வேகம் 72 ஆகிவிடும். மீட்டர்கள் வழக்கமாகச் சற்றுக் கூட்டியே காட்டுவதால் பெரிய ஆபத்தில்லை, ஆனாலும் பொலிஸாரின் வேகமானி உங்கள் மீட்டரைக் கேட்டுப் பேசுவதில்லை. ஓடிய தூரமும் குறைவாகவே பதியும். பெற்றோல் கணக்குப் பார்ப்பவர்கள் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் வாகனம் தரையிலிருந்து உயர்வது வெறும் 11 மி.மீ.

2. சில்லுக்குப் பின்னால் அளந்து பாருங்கள்

எல்லோரும் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் கையை விட்டுப் பார்த்து, "தாராளமாக இடம் இருக்கிறது" என்கிறார்கள். கடைக்காரரும் அதையே சொன்னார். அந்த இடம் அல்ல பிரச்சினை.

இவ்வகை எஸ்யூவிகள் பலவற்றில் முன் ஷொக் அப்சோபரோடு ஒட்டி, சுருள்வில்லைத் தாங்கும் ஓர் இரும்புத் தட்டு இருக்கும். அது டயரின் உட்பக்க விளிம்புக்கு நேர் மேலே நிற்கிறது. டயரின் ஆரை 11 மி.மீ. கூடினால் அந்த இடைவெளி 11 மி.மீ. குறையும். வெளியே நின்று பார்த்தால் இது தெரியாது.

ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி, டோர்ச் வெளிச்சத்தில் டயரின் மேற்புறத்துக்குப் பின்னால் பாருங்கள். இடைவெளிக்குள் பென்சில்களை நுழைத்து அளப்பது என் வழி. ஒன்று ஏறக்குறைய 7 மி.மீ. தடிப்பு. எங்கள் வாகனத்தில் 19 மி.மீ. இருந்தது, எனவே 225/70 போட்ட பிறகு 8 எஞ்சியது. புதிய டயர் போட்ட பிறகு ஒரு பென்சில் தடிப்பாவது எஞ்சாது என்றால் அந்த அளவைக் கைவிடுங்கள். ஒரே எண் எழுதப்பட்ட இரு நிறுவன டயர்களின் உண்மை விட்டம் சில மி.மீ. வேறுபடலாம், ஆல் டெரெய்னில் பூ (தரையைத் தொடும் வெட்டுகள்) ஆழமானது. தயாரிப்பாளர் வெளியிட்ட அளவைப் பார்த்தே முடிவெடுங்கள்.

பிறகுதான் சில்லுக்கு முன்னால் உள்ள பிளாஸ்டிக் மறைப்பு. முழுத் திருப்பத்தில் பின்னோக்கி எடுக்கும்போது அது உரசலாம், ஆனால் அதைச் சரிசெய்துகொள்ளலாம். இரும்பு வளைந்து கொடுக்காது.

3. பக்கச்சுவரைப் படியுங்கள்

பாரச் சுட்டெண் பழைய டயரைவிடக் குறையக்கூடாது. 102 என்றால் ஒரு டயருக்கு 850 கிலோ. 'எல்டி' என்று தொடங்கும் டயர்கள் லொறி வகை: கனம், விறைப்பு, கூடுதல் காற்றும் கேட்கும். பிள்ளைகளை ஏற்றிச் செல்பவருக்குத் தேவையில்லை. தயாரிப்புத் திகதி நான்கு இலக்கங்களில் இருக்கும். 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரம். மலிவு விலை சொன்னால் முதலில் அதைப் பாருங்கள்.

4. பூட்டும்போது

நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள், அலைன்மென்ட் பாருங்கள். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கிவிட்டு அனுப்பினால் சம்மதிக்காதீர்கள்; டோர்க் ஸ்பேனரால் கையேட்டிலுள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.

மணலுக்கு டயரைவிடக் காற்றுத்தான் முக்கியம். 33 பிஎஸ்ஐயை 18 அளவுக்கு இறக்கி மெதுவாக ஓட்டுங்கள், தார் வீதிக்கு வந்ததும் திரும்ப ஏற்றுங்கள். பற்றரியில் நேரே கவ்வும் பம்பை வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னப் பம்புகள் மெதுவானவை, சில வேளை பியூஸையும் எரிக்கலாம்.

பின்சேர்க்கை: வாகனத்தை ஸ்பேசர் (இடையில் வைக்கும் தடித்த வளையம்) வைத்து உயர்த்தினால் அந்தத் தட்டு விலகுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். விலகாது. தட்டு சில்லோடு சேர்ந்து மேலும் கீழும் போவது. ஷொக்கின் தலையில் ஸ்பேசர் வைத்தால் உயர்வது உடல் மட்டுமே.

மூதூரிலிருந்து எழுதிய ஒருவருக்கு புதிய அளவிலான மேலதிகச் சில்லு அதற்கான குழிக்குள் அடங்கவில்லையாம், பழையதையே வைக்க வேண்டியிருக்கும். நான்கு சில்லுகளும் இழுக்கும் வாகனத்தில் பழைய சிறிய சில்லைப் பூட்டி நெடுந்தூரம் ஓடினால், விட்ட வேறுபாட்டால் முன், பின் சில்லுகளை இணைக்கும் கப்ளிங் சூடாகும். அடுத்த டயர் கடை வரை மட்டும், மெதுவாக ஓட்டுங்கள்.