வெளிநாட்டு லீக்குகளில் ஆடப் போகும் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2006-இல் வட அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் டொரன்டோ ராப்டர்ஸ் அணி, பி.ஜே. டக்கர் என்ற இளம் வீரரைத் தேர்ந்தெடுத்தது. ஒரு சீசன் முடிவதற்குள் விடுவித்தும் விட்டது. அடுத்த ஐந்து ஆண்டுகள் அவர் இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி என்று நாடு நாடாக ஆடினார். 2012-இல் ஃபீனிக்ஸ் சன்ஸ் அவரை மீண்டும் என்.பி.ஏ.வுக்கு அழைத்தது. 2021-இல் மில்வாக்கி பக்ஸ் அணியோடு கோப்பையை வென்றார்.

வாய்ப்புக் கிடைக்காத இளைஞர்கள் இந்தக் கதையைச் சொல்லித் தேற்றிக்கொள்வார்கள். ஆனால் நடுவில் கிடந்த ஐந்து ஆண்டுகளை யாரும் கவனிப்பதில்லை. இஸ்ரேலில் தொடர்ந்து 14 ஆண்டுகள் பட்டத்தை விடாமல் வைத்திருந்த மக்காபி டெல் அவிவை 2008-இல் வீழ்த்திய ஹபோயெல் ஹோலோன் அணியில் டக்கர் இருந்தார். 2012-இல் பாம்பெர்க் அணியோடு ஜெர்மனிப் பட்டமும் வென்றார். என்.பி.ஏ. அழைப்பு வரும்வரை பெட்டியைப் பிரிக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு. அந்த மனநிலையைப் பயிற்சியாளர்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது, அதே ஆட்டம்தானே என்ற நினைப்பு. இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளியை முந்தக் காத்திருக்கும் ஒருவரைக் கூர்ந்து பாருங்கள். இடது கால் ஊன்றியிருக்கிறது. அதுதான் பிவட். பந்து கையை விட்டுத் தரையை நோக்கிப் புறப்படும் முன் அந்தக் கால் எழுந்துவிட்டால் டிராவல் என்ற விதிமீறல். என்.பி.ஏ. நடுவர்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஐரோப்பாவில் விசில் உடனே ஊதப்படும். பத்து வயதிலிருந்து பழகிய முதல் அடியையே மாற்ற வேண்டிய நிலை. புதிதாக வந்தவர் இரண்டு கைகளையும் விரித்து நடுவரைப் பார்த்து நிற்பதை ஒவ்வொரு சீசனின் தொடக்கத்திலும் பார்க்கலாம்.

ஆட்டம் 48 அல்ல, 40 நிமிடம். ஆறாவது ஃபவுலில் அல்ல, ஐந்தாவதிலேயே வெளியேற வேண்டும். மூன்று புள்ளிக் கோடு 7.24 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்கு நெருங்கிவிடுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், தடுப்பவருக்கு மூன்று நொடிக் கட்டுப்பாடு கிடையாது. ஏழடி உயரமானவர் வளையத்தின் கீழேயே காவல் நிற்கலாம். வளையத்தில் பட்ட பந்தை யாரும் தட்டிவிடலாம். பள்ளித் திடலில் ஆடிய நமக்கு இவை புதிதல்ல. இங்கும் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகள்தானே.

இப்படி நெருக்கமான ஆட்டத்தில் தனியாக 25 புள்ளிகள் குவித்துப் பெயர் வாங்க நினைப்பது வீண். ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான யூரோலீக்கில் ஆட்டத்துக்குச் சராசரி 15 புள்ளிகள் எடுப்பவரே நட்சத்திரம். கைல் ஹைன்ஸை எந்த என்.பி.ஏ. அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. 1.98 மீட்டர் உயரத்தை வைத்துக்கொண்டு, வழக்கமாக அணியின் மிக உயரமானவர் ஆடும் சென்டர் இடத்தில் ஆடினார். புள்ளிகளுக்காக அவரை யாரும் கொண்டாடவில்லை. தன்னைவிட உயரமானவரை முதுகால் தள்ளி இடம் பிடிப்பார், அடுத்த நொடியே வேகமான கார்டு ஒருவரைத் துரத்திக்கொண்டு கோட்டுக்கு வெளியே ஓடுவார். ஒலிம்பியாகோஸோடு இரண்டு, சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோவோடு இரண்டு என நான்கு யூரோலீக் பட்டங்கள் அவருடையவை. என் கணக்கில் இந்தப் பாதையில் போகும் எவரும் முதலில் படிக்க வேண்டியது அவருடைய ஆட்டத்தைத்தான்.

ஒப்பந்தத்தில் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவது மனதை வருத்தும் தவறு, ஏனென்றால் அதன் வலி பின்னால்தான் தெரியும். அந்தத் தொகை வரி போகக் கைக்கு வருவதா? சம்பளம் எத்தனை நாள் தாமதித்தால் முறித்துக்கொண்டு கிளம்பலாம்? மருத்துவப் பரிசோதனையை எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும்? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. காலவரம்பு எழுதப்படாவிட்டால், இரண்டு வாரம் ஆடவிட்டுப் பார்த்த பிறகு பரிசோதனையில் தேறவில்லை என்று அனுப்பிவிட வழி பிறக்கிறது. தகராறு வந்தால் உள்ளூர் நீதிமன்றத்தில் அலையாமலிருக்க, ஃபிபா 2007-இல் நிறுவிய நடுவர் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் தீர்ப்பை மதிக்காத கிளப், புதிய வீரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி தடைக்கு ஆளாகலாம். ஆனால் அந்தத் தீர்ப்பாயத்தின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒரே ஒரு பத்தி, அவ்வளவுதான்.

வெளியேறும் வழியும் அப்படியே. 2011-இல் அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான தகராறில் என்.பி.ஏ. முடங்கியபோது டெரோன் வில்லியம்ஸ் துருக்கியின் பெஷிக்டாஷுக்குப் போனார். முடக்கம் நீங்கியதும் திரும்பிவிடலாம் என்று முன்பே எழுதி வாங்கியிருந்தார், அப்படியே திரும்பினார். சீன லீக் அந்தச் சலுகையைத் தரவில்லை. அங்கே போன கென்யன் மார்ட்டின் டிசம்பரிலேயே அணியிலிருந்து விலகியும், 2012 பிப்ரவரி வரை என்.பி.ஏ.வில் ஆட முடியவில்லை. ஃபிபாவின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் எந்த அணியும் சேர்த்துக்கொள்ள முடியாது.

நாட்டின் சட்டத்தை அறியாமல் விமானம் ஏறுவதன் விலை, ரஷ்ய அணியில் ஆடிவந்த அமெரிக்க வீராங்கனை பிரிட்னி கிரைனருக்குத் தெரியும். அரிசோனாவில் மருத்துவர் பரிந்துரைத்த கஞ்சா எண்ணெய், 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் அவரது பெட்டியில் இருந்தது. அவசரத்தில் பெட்டி அடுக்கியதில் நேர்ந்த பிழை என்று நீதிமன்றத்தில் சொன்னார். ஒன்பது ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கைதிப் பரிமாற்றத்தில் டிசம்பரில் விடுதலையாகும் வரை ஏறக்குறைய பத்து மாதம் அடைபட்டிருந்தார். அந்தக் கொடுமையை எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் அறைக்குள் அடைந்துகொள்வதும் தவறுதான். ஐரோப்பாவில் பல பயிற்சியாளர்கள் ஆங்கிலத்தில் பேசுவதால் ஊர் மொழி தேவையில்லை என்று தோன்றிவிடும். மைதானத்தில் தேவையில்லை, உண்மை. காய்கறிக் கடையில் தேவை. ஸ்டெஃபான் மார்பரி 2010-இல் சீனாவுக்குப் போனபோது, என்.பி.ஏ.வில் அவர் பெயர் கெட்டுப்போயிருந்தது. பெய்ஜிங் டக்ஸ் அணிக்கு அதன் முதல் பட்டத்தை 2012-இல் வாங்கிக் கொடுத்தார், பிறகு 2014, 2015-இலும். பெய்ஜிங் அவருக்குச் சிலை வைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் கிளம்பிவிடவில்லை. 2019-இல் அதே நகரத்தின் இன்னொரு அணிக்குப் பயிற்சியாளரானார்.