கிரீக்கைக் கேட்க ஒரு வழி: முதலில் கிராமத்து வயலின்

நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கைக் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஏ மைனர் பியானோ கான்செர்ட்டோ (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வழியாகத்தான் நுழைகிறார்கள். நானும் அப்படித்தான். பல ஆண்டுகள் அதன் அழகில் மயங்கியிருந்தேன். அதன் நாட்டுப்புற வேர் காதில் விழவே இல்லை. ஆகவே என்னிடம் பியானோ படிக்க வருகிறவர்களுக்கு வரிசையை மாற்றிச் சொல்கிறேன். முதலில் ஹார்டாங்கர் வயலினைக் கேளுங்கள்.

நார்வே கிராமங்களின் நடன வாத்தியம் அது. வில் படும் தந்திகளுக்கு அடியில் நான்கைந்து தந்திகள் தொடாமலே அதிர்ந்து ஒலிக்கும். மெட்டு ஒரு தந்தியில் ஓட, பக்கத்துத் தந்தி சுருதிபோல் கூடவே இழையும். பத்து நிமிடம் கேட்டால் போதும், அந்த ரீங்காரம் காதில் தங்கிவிடும்.

அடுத்து கிரீக்கின் ‘ட்ரோல்ஹௌகனில் திருமண நாள்’ என்ற பியானோ படைப்பு. நார்வேயின் பெர்கன் நகர் அருகே 1885 முதல் கிரீக்கும் மனைவி நீனாவும் வாழ்ந்த வீடு ட்ரோல்ஹௌகன். மெட்டு தொடங்குமுன் இடக்கை மட்டும் மெல்லத் தட்டும் இரண்டு ஸ்வரங்களைக் கவனியுங்கள்: டி, ஏ. ஸ, ப என்று பாடிப் பாருங்கள். வயலினில் கேட்ட அதே சுருதி!

இப்போது கான்செர்ட்டோவுக்குத் திரும்பலாம். 1868இல் எழுதியது. டிம்பனி முரசு உருண்டெழுந்ததும் பியானோ மேலிருந்து சரிந்து இறங்கும். அதன் முதல் மூன்று ஸ்வரங்கள் ஏ, ஜி ஷார்ப், ஈ. அதாவது மேல் ஸ, காகலி நி, ப. நார்வே நாட்டுப்பாடல்களில் புழங்கும் இந்த இறக்கத்தோடு கிரீக்கின் பெயரே ஒட்டிக்கொண்டது. வாய்விட்டுப் பாடிப் பதித்துக்கொள்ளுங்கள். அவருடைய மற்றப் படைப்புகளிலும் அது தானே தலைகாட்டும். கான்செர்ட்டோவின் மூன்றாம் பகுதியில் ஹாலிங் என்னும் துள்ளல் நடனம்.

கடைசியாக ‘ஸ்லோட்டர்’, கிராமத்து வயலின் மெட்டுகளைக் கிரீக் பியானோவுக்கு அமைத்த தொகுப்பு. என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது இதுதான். க்னூட் டாலே என்ற முதிய வயலின் கலைஞர், தம் மெட்டுகள் தம்மோடு அழிந்துவிடுமே என்று கவலைப்பட்டுக் கிரீக்குக்குக் கடிதம் எழுதினார். 1901இல் வயலின் கலைஞரும் இசையமைப்பாளருமான யோஹான் ஹால்வோர்சன் அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு 17 மெட்டுகளை எழுதியெடுத்தார். கிரீக் அவற்றைப் பியானோவுக்கு அமைத்தார். ஒன்றோடொன்று உரசும் ஸ்வரங்களை மழுப்பவே இல்லை. முதல் முறை காது கூசலாம், தள்ளிவைத்துவிடாதீர்கள். ஒரே மெட்டை வயலினில் ஒருமுறை, பியானோவில் ஒருமுறை, அடுத்தடுத்துக் கேளுங்கள். தொகுப்பில் முதலாவது ஒரு கல்யாண ஊர்வல மெட்டு, அதிலிருந்தே தொடங்குங்கள்.