நட்சத்திரத்தில் இரும்பு எவ்வளவு, கோள் எத்தனை பெரிது: ஐப்பசி மழைக்கு ஒரு வேலை

ஐப்பசி, கார்த்திகையில் காரைக்குடிப் பக்கம் மொட்டை மாடி ஏறிப் பயனில்லை, மேகம் விடாது. வானியல் மன்ற மாணவர்கள் அப்போது கணினியில் செய்யக்கூடிய வேலை இது.

பிற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைப் பட்டியலிடும் நாசாவின் எக்ஸோபிளானெட் ஆர்க்கைவ் தளத்தில் ‘காம்போசிட்’ அட்டவணையை சிஎஸ்வி கோப்பாக இறக்குங்கள். தலைப்பில் # குறியோடு வரும் வரிகளை அழித்துவிட்டு எக்செலில் திறக்கவும். நட்சத்திரப் பெயர், வெப்பநிலை, மேற்பரப்பு ஈர்ப்பு, உலோகத்தன்மை, கோளின் நிறை, ஆரம் ஆகிய பத்திகள் போதும்.

உலோகத்தன்மை என்பது நட்சத்திரத்தில் இரும்பு எவ்வளவு என்பதைச் சூரியனோடு ஒப்பிடும் மடக்கை அளவு. சூரியன் 0; +0.3 என்றால் இரும்பு இரண்டு மடங்கு, −0.3 என்றால் பாதி. அளக்கப்படாத நட்சத்திரத்துக்குக் கட்டம் காலியாக இருக்கும். அதில் 0 நிரப்பினால் அத்தனையும் சூரியனுக்குச் சமமாகிவிடும், வரைபடத்தின் நடுவில் பொய்யாக ஒரு கோபுரம் எழும். பேரேட்டில் எழுதாத வரி வேறு, சுழியம் போட்ட வரி வேறு என்று செட்டிநாட்டில் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வரிகளை நீக்கிவிடுங்கள்.

வெப்பநிலை 4700 முதல் 6500 கெல்வின், ஈர்ப்பு மடக்கை 4க்கு மேல் என்று வடிகட்டினால் சூரியன் போன்றவை மட்டும் தங்கும். பிறகு இரண்டு குவியல்: வியாழனின் நிறையில் 0.3 மடங்குக்கு மேற்பட்ட கோள்கள் ஒன்று, பூமியின் ஆரத்தில் 4 மடங்குக்குக் குறைந்தவை மற்றொன்று. அட்டவணையில் ஒரு வரி ஒரு கோளுக்கு. ஐந்து கோள் உள்ள நட்சத்திரம் ஐந்து முறை வரும். ஒவ்வொரு குவியலிலும் பெயர் ஒருமுறைதான் இருக்க வேண்டும். உலோகத்தன்மையை 0.1 இடைவெளிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணி வரைபடம் போடுங்கள். அதைவிடப் பொடியாக வெட்டாதீர்கள், ஆய்வுக்கு ஆய்வு அளவீடே அவ்வளவு மாறும்.

பெரிய கோள்களின் குவியல் 0க்கு வலப்புறம் சாயும். சிறியவை இருபுறமும் பரவும். கெப்ளர்-444 என்ற நட்சத்திரத்தில் இரும்பு சூரியனில் கால்பங்கு சொச்சம்தான், ஆனாலும் ஐந்து சிறு கோள்கள். காரணம் நேரம். வியாழன் போன்றது உருவாக, இளம் நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள தூசி, வாயு வட்டத்தட்டில் வாயு கலைவதற்குள், அதாவது சில மில்லியன் ஆண்டுகளில், பூமியைப்போல் சுமார் 10 மடங்கு கனமான கரு திரள வேண்டும். தூசி நிறைய இருந்தால் அது சீக்கிரம் திரளும். சிறு கோளுக்கு அந்த அவசரம் இல்லை.

இந்த வரைபடத்திலிருந்து ‘இத்தனை சதவீதம்’ என்று மட்டும் எழுதக் கூடாது. தேடியும் கோள் கிடைக்காத நட்சத்திரங்கள் இதில் இல்லையே! அவற்றையும் சேர்த்து எண்ணியவர்கள் வானியலாளர்கள் ஃபிஷரும் வலென்டியும். 2005இல் அவர்கள் கண்டது: பெரிய கோள் உள்ள நட்சத்திரங்கள், உலோகத்தன்மை −0.5 முதல் 0 வரை 3 சதவீதத்துக்கும் குறைவு, +0.3க்கு மேல் 25 சதவீதம்.

தை பிறந்து வானம் தெளிந்ததும், மாலை 7 மணிக்கு மேற்கே பூரட்டாதியின் இரு நட்சத்திரங்களைப் பிடியுங்கள். அவற்றின் நடுப்புள்ளிக்குச் சற்று மேற்கே, பைனாகுலரில் எளிதாகத் தெரிவது 51 பெகாசி. உலோகத்தன்மை ஏறத்தாழ +0.2, அதன் கோள் 1995இல் கண்டறியப்பட்டது.