எலக்ட்ரானிக் இயர்மஃப் வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு எலக்ட்ரானிக் இயர்மஃப் (வெடிச்சத்தத்தைத் தடுத்து, பேச்சை மைக் வழியாகக் கேட்க வைக்கும் காதுமூடி) வாங்கப் போகிறீர்களா, ப்ளூடூத் இருக்கிறதா என்று அப்புறம் பாருங்கள், முதலில் பெட்டியில் என்.ஆர்.ஆர். (சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்பதன் டெசிபல் அளவு) என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 9 எம்.எம். பிஸ்டலின் வெடிச்சத்தம் 160 டெசிபலை ஒட்டி வரும், 140-ஐத் தாண்டிவிட்டால் ஒரே ஒரு வெடிகூட காதைக் கெடுத்துவிடலாம், அப்படிப் போன செவித்திறன் பெரும்பாலும் திரும்பி வராது. பலர் வாங்கும் ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட் என்ற இயர்மஃபில் அந்த எண் 22தான். திறந்தவெளியில் .22 ரைஃபிளுக்கு சரி. நாலு சுவருக்குள் சுடுவதானால் காதுக்குள் ஃபோம் பிளக் வைத்து அதன்மேல் இதை மாட்டுங்கள், மைக் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் சுடும் இடத்தைக் கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீசர் சொல்வது அப்போதும் கேட்கும். பிளக்கின் எண்ணும் இயர்மஃபின் எண்ணும் அப்படியே கூடிவிடாது, சுமார் 5 டெசிபல்தான் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் அந்த 5 மிக முக்கியம்.

பாதுகாப்புக் கண்ணாடியையும் கடைக்கு எடுத்துப் போங்கள். தடித்த காம்பாக இருந்தால் குஷனைத் தூக்கிவிடும், அந்த இடுக்கு வழியாகவே சத்தம் உள்ளே வரும், அதனால் மாட்டியபின் காதைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். ரைஃபிள்காரர்களுக்கு மெல்லிய கப்தான் நல்லது, கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் வைக்கும்போது இடித்து நகராது. பேட்டரி தீர்ந்தாலும் சத்தத்தைத் தடுப்பது நிற்காது, பேச்சு கேட்பதுதான் போகும், எனவே பையில் இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி எப்போதும் இருக்கட்டும்.