டிஸ்க் போட்டுதோ? கொஞ்சம் பொறுங்கோ

பழைய டெஸ்க்டொப்பை ஒன் பண்ணினால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: டிஸ்க்கைக் காணவில்லையாம். உடனே வீட்டில் யாராவது "ஹாட் டிஸ்க் போட்டுது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த ஒருவர் அதை நம்பிப் புது டிஸ்க் வாங்கி வந்து பூட்டினார். அதையும் காணவில்லை. பழுது, டிஸ்க்கை மதர்போட்டோடு (உள்ளே இருக்கும் பிரதான பலகையோடு) இணைக்கும் சிவப்பு நிற சாட்டா வயரில். சில நூறு ரூபாய்ச் சாமான்.

ஆகவே டிஸ்க்கைக் குற்றம் சொல்வதுதான் முதல் தவறு. முதலில் காதைக் கொடுங்கள். ஒன் பண்ணியதும் டிஸ்க் மெல்ல இரைந்து சுழலத் தொடங்க வேண்டும். இரைச்சலே இல்லையென்றால் பவர் பக்கம் பாருங்கள். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, அதனால் பவர் சப்ளை நல்லது என்று நினைப்பதும் பிழை. டிஸ்க்கின் மோட்டருக்கு 12 வோல்ட், அதன் சர்க்கிட்டுக்கு 5 வோல்ட் போகிறது. மாரி தொடங்கும் காலத்து இடிமின்னலிலும், கரண்ட் போய்ப் போய் வருவதிலும் அடிவாங்கிய பவர் சப்ளை, ஃபேனைச் சுற்றவைத்துக்கொண்டே டிஸ்க்கைக் கைவிடும்.

மூடியைக் கழற்றுமுன் பிளக்கை இழுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. உள்ளே நம் வன்னிப் புழுதி செம்மண் படையாய் இருக்கும். அதை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பின்களில் படும். பெயின்ட் படாத புது பிரஷ் ஒன்று போதும். ஒருமுறை பவர் சப்ளையின் பின் ஓட்டைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்ததைப் பார்த்தேன், ஃபேன் இறக்கை அதில் முட்டி நின்றிருந்தது.

சாட்டா டிஸ்க் என்றால் டேட்டா வயரை மாற்றி, மதர்போட்டில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். 40 பின் உள்ள பட்டை வயர், அதாவது சாட்டாவுக்கு முந்திய ஐடிஈ வகை என்றால் வேலை கொஞ்சம் கூட. நீல முனை மதர்போட்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டர் எனும் முதல் டிஸ்க்குக்கு, நடுவில் உள்ள சாம்பல் முனை ஸ்லேவ் எனும் இரண்டாவது டிஸ்க்குக்கு. டிஸ்க்கின் பின்னால், அது மாஸ்டரா ஸ்லேவா என்று காட்ட பின்களில் செருகும் நகத்தளவு மூடி, ஜம்பர், ஒன்று இருக்கும். ஒரே வயரில் இரண்டு டிஸ்க்கும் மாஸ்டர் என்று இருந்தால் இரண்டுமே காணாமல் போகலாம். பழைய வெஸ்டர்ன் டிஜிட்டல் ஐடிஈ டிஸ்க்குகளில் இன்னொரு சூட்சுமம்: தனியாகப் பூட்டும்போது மாஸ்டர் ஜம்பர் இருக்கக் கூடாது, "சிங்கிள்" நிலையில் வைக்க வேண்டும். டிஸ்க்கின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே படம் போட்டிருக்கிறார்கள். ஆனால் அதைப் பார்ப்பவர் குறைவு. (மிகப் பழைய மதர்போட்கள், டிஸ்க் பெரிதானாலும், 137 ஜிபிக்கு மேல் காட்டாது. அது பழுதல்ல.)

டெஸ்க்டொப் காட்டும் திகதி பல வருடம் பின்னுக்குப் போயிருந்தால் மதர்போட்டில் இருக்கும் நாணயம் போன்ற பட்டரி, சீஆர் 2032, தீர்ந்துவிட்டது. அதோடு பயாஸ் (ஒன் பண்ணியதும் மதர்போட்டில் முதலில் ஓடும் புரோகிராம்) செட்டிங்கும் கொம்பனி வைத்த நிலைக்குத் திரும்பும், டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோட் மாறிவிடக்கூடும். இதில் பலர் மாட்டுவார்கள்: ஐடிஈ என்ற பழைய மோடில் போட்ட விண்டோஸ் எக்ஸ்பி, ஏஎச்சிஐ என்ற புதிய மோடில் நீலத் திரையில் விழும். இதைப் பார்த்து விண்டோஸை மறுபடி போடாதீர்கள். பட்டரியை மாற்றி, பயாஸில் மோடை முன்பு இருந்தபடி வையுங்கள், சரி.

அடுத்ததுதான் உண்மையில் பயப்பட வேண்டிய தவறு. இடப்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்த எத்தனையோ குடும்பங்களுக்கு, பிறகு சேர்த்த படமெல்லாம் இந்த ஒரு டிஸ்க்கில்தான். வேறு மெஷினில் பூட்டியதும் விண்டோஸ் "இனிஷியலைஸ் பண்ணவா?", "ஃபோர்மட் பண்ணவா?" என்று கேட்கும். இரண்டுக்கும் கான்சல். இனிஷியலைஸ் கொடுத்தால் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பழைய பகுதிப் பட்டியலின் மேல் புதியது எழுதப்படும். நோஞ்சான் டிஸ்க்கில், பிழை தேடித் திருத்தும் விண்டோஸின் செக் டிஸ்க்கை ஓடவிடுவதும் வேண்டாம். முதலில் வேறு டிஸ்க்குக்குக் கொப்பி, அப்புறம் மற்றதெல்லாம்.

டிக், டிக் என்று ஒரே தாளத்தில் அடித்தால் உடனே நிறுத்துங்கள். அது பெரும்பாலும், உள்ளே சுழலும் தட்டிலிருந்து டேட்டாவை வாசிக்கும் ஹெட் பழுதாகிய சத்தம். ஒவ்வொரு தடவை ஒன் பண்ணும்போதும் தட்டில் கீறல் விழலாம். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையும், ஃப்ரிட்ஜில் வைக்கும் வைத்தியமும் வேண்டாம். டேட்டா எடுத்துத் தரும் இடம் தேடிக் கொழும்புக்குப் போவதென்றால், சொப்பிங் பையில் போட்டு பஸ்ஸின் லக்கேஜில் எறியாமல், டிஸ்க் வாங்கும்போது வந்த வெள்ளி நிறப் பையில் இட்டு, மேலே துவாயால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.