ஸ்பெக்ட்ரம் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் செய்யும் தவறுகள்

சித்திரைத் திருவிழா விடுமுறையில், கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் பழைய இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினி ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மதுரை திருநகரில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். தொலைக்காட்சிப் பெட்டியில் படம் காட்டி, கேசட்டிலிருந்து விளையாட்டுகளை ஏற்றும் எண்பதுகளின் வீட்டுக் கணினி அது. இணைய ஏலத்தில் இங்கிலாந்திலிருந்து வாங்கினாராம். மின்சாரம் கொடுத்தால் திரையில் சிதறிய கட்டங்கள் மட்டுமே வருகின்றன என்றார். அடாப்டரைக் காட்டச் சொன்னேன். அவர் பையிலிருந்து எடுத்ததைப் பார்த்த உடனேயே, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே காரியம் என்று தெரிந்துவிட்டது. தூசி படாமல் வைப்பது, ஈரம் அண்டாமல் காப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எந்த 9 வோல்ட் அடாப்டரும் போதும் என்று நம்புவது

இங்கிலாந்து பிளக்கின் கால்கள் தட்டையானவை. நம் வீட்டுச் சுவரிலுள்ள வட்டத் துளைகளில் நுழையமாட்டா. குறைந்த விலைக்குக் கிடைக்கும் மாற்று பிளக்கைத் தேடாமல், வாங்கியவர் நேரே டவுன் ஹால் ரோடுக்குப் போய் 9 வோல்ட் அடாப்டர் கேட்கிறார். அங்கே கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நடு முனை நேர்மின். ஸ்பெக்ட்ரத்துக்கோ நடு முனை எதிர்மின், வெளி உருளைதான் நேர்மின். பின் அளவு பொருந்துவதால் தடையின்றி உள்ளே போகிறது. எனக்கு விற்றவரும், “பின் நுழைஞ்சா போதும் சார்” என்றுதான் சொன்னார். பின் நுழையத்தான் செய்தது.

1982-இல் வெளிவந்த இக்கணினியின் முதல் 16 கே (கிலோபைட்) நினைவகம் 4116 என்ற எட்டுச் சில்லுகளால் ஆனது. அச்சில்லுகளுக்கு 5 வோல்ட் மட்டும் போதாது. 12 வோல்ட்டும், மைனஸ் 5 வோல்ட்டும் வேண்டும். அவ்விரண்டையும் பலகையிலேயே உள்ள ஒரு சுருளும் இரண்டு டிரான்சிஸ்டர்களும் சேர்ந்து உண்டாக்குகின்றன. முனை மாறிய மின்சாரம் புகுந்தால் முதலில் அடிபடுவது இந்தப் பகுதிதான். மைனஸ் 5 வோல்ட் இல்லாத நிலையில் மற்ற மின்னழுத்தங்கள் மட்டும் சில்லுகளுக்குப் போனால் அவையும் ஒவ்வொன்றாகக் கெடும். எனக்கு ஒரு டிரான்சிஸ்டரும் ஐந்து சில்லுகளும் போயின. அவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பற்றவைத்து முடிக்க நான்கு மாதங்கள் ஆயின. கணினிக்குக் கொடுத்த விலையில் பாதி அதிலேயே போய்விட்டது. ஒரு நிமிடச் சோதனையில் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு என்பதால்தான் இன்றும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அந்தச் சோதனை இதுதான். மல்டிமீட்டரை டிசி (நேர்த்திசை மின்சாரம்) வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பின்னின் துளைக்குள்ளும் கறுப்பு முனையை வெளி உருளையின் மீதும் வையுங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி தெரிந்தால் அது ஸ்பெக்ட்ரத்துக்கு ஏற்றது. தெரியாவிட்டால் வயரை வெட்டி முனைகளை மாற்றிச் சேர்க்காமல் கணினியின் அருகே கொண்டு போகாதீர்கள். பழைய அசல் அடாப்டர் சுமையில்லாத நிலையில் 9-ஐ விடக் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். 1.4 ஆம்பியருக்குக் குறைந்த அடாப்டரை மட்டும் வாங்காதீர்கள்.

மின்சாரம் இருக்கும்போது பின்பக்கத்தில் ஜாய்ஸ்டிக் இணைப்பைச் செருகுவது

செருகாதீர்கள். கணினியில் சுவிட்ச் கிடையாது. சுவரில் அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

படம் வரவில்லை என்று கணினியைத் திறப்பது

ஸ்பெக்ட்ரத்தின் படம் தொலைக்காட்சியின் யுஎச்எஃப் (மிக உயர்ந்த அதிர்வெண்) பகுதியில், அலைவரிசை 36-இல் வருகிறது. தூர்தர்ஷன் காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றில் அதற்குக் கீழான விஎச்எஃப் பகுதி மட்டுமே உண்டு என்பதால், அவற்றில் எவ்வளவு திருகினாலும் புள்ளிகள்தாம் தெரியும். குறை பெட்டியில் இருக்கக் கணினியைக் குடைந்தவர்களை நான் அறிவேன்.

அரிய கேசட்டை வைத்து டேப் ரிக்கார்டரைச் சோதிப்பது

மதுரையின் கோடையை இருபது முப்பது முறை தாங்கிய ரிக்கார்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் பெரும்பாலும் நெகிழ்ந்திருக்கும், சில சமயம் தார் போல் இளகியும் இருக்கும். அதில் போடும் முதல் நாடா உருளையில் சுற்றிக்கொள்ள நேரலாம். பழைய பாட்டுக் கேசட் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்த பிறகே விளையாட்டுக் கேசட்டை எடுங்கள். ஒருமுறை சரியாக ஓடினால் உடனே அதை இன்றைய கணினி ஒன்றில் டபிள்யூஏவி (ஒலியைச் சுருக்காத) கோப்பாகப் பதிந்து வைப்பது நல்லது. இடத்தை மிச்சப்படுத்த எம்பி3 ஆக்கினால், காது விட்டுவிடும் என்று அந்த முறை கணிக்கும் நுணுக்கங்கள் கழிந்துபோகும். ஏற்றுதல் தடுமாற அது போதும்.

முகப்புத் தகட்டைத் தின்னரால் துடைப்பது

எழுத்தும் வண்ணப் பட்டையும் பஞ்சோடு வந்துவிடும்.

கேசட்டை வைத்துக்கொண்டு கூட வந்ததை வீசுவது

1984-இல் வந்த ஜெட் செட் வில்லி என்ற விளையாட்டு, ஏற்றி முடிந்ததும் ஓர் அட்டையிலுள்ள நான்கு நிறங்களைக் கேட்கும். கறுப்பு வெள்ளை நகல் இயந்திரத்தால் படியெடுக்க முடியாதபடி அந்த அட்டையை நிறங்களாலேயே அச்சிட்டிருந்தார்கள். எலீட் என்ற விளையாட்டின் ஸ்பெக்ட்ரம் பதிப்போடு, திரையில் வைத்துப் பார்க்க வேண்டிய மடக்கு வில்லை ஒன்று வந்தது. அதன் வழியே பார்த்தால்தான் குழம்பிய எழுத்துகள் ஒன்றுகூடும். அந்த வில்லையைப் பெட்டியின் உடைந்த துண்டு என்று எண்ணிக் குப்பையில் போட்ட ஒருவர், பிறகு என்னிடமே வந்து எலீட் ஏன் திறக்கவில்லை என்று கேட்டார்.

எமுலேட்டரில் அடிக்கு அடி சேமித்துக்கொண்டே ஆடுவது

அசலைத் தேயவிடாமல் எமுலேட்டரில், அதாவது இன்றைய கணினியைப் பழைய கணினிபோல் இயங்கவைக்கும் மென்பொருளில், ஆடுவதை நான் குறை சொல்லவில்லை, நானும் ஆடுகிறேன். ஆனால் 1983-இல் மாத்யூ ஸ்மித் எழுதிய மேனிக் மைனர் விளையாட்டின் இருபது குகைகளும், காற்று தீர்வதற்குள் தாவல்களின் கணக்கைக் கை பழகிக்கொள்ள வேண்டும் என்று அமைக்கப்பட்டவை. ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் நிலையைச் சேமித்தவர் ஒரு மணி நேரத்தில் கடைசிக் குகையைக் கண்டுவிட்டு, “இவ்வளவுதானா?” என்று கேட்கிறார். திருநகருக்கு வந்த தம்பியும் அப்படித்தான் கேட்டார். புதிய டிரான்சிஸ்டர் வரும்வரை என் கணினியில் முதல் குகையை மட்டும் ஆடிக்கொண்டிருக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் மாலையில்தான் சாவிகளையெல்லாம் எடுத்து வாசலை எட்டினார்.